புது ஊரில் ஐடி வேலை தேடுகிறவர்களுக்கு: எங்கே ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது

வேலை தேடிப் புது நகரத்தில் வந்து இறங்கியபோது, முதல் மூன்று வாரம் நான் அறையை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் ராத்திரி வரை விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பேன். ஒன்றிரண்டு இடங்களிலிருந்து இயந்திரம் அனுப்பும் நன்றி மின்னஞ்சல் வந்தது. மற்ற இடங்களிலிருந்து அதுவும் இல்லை. நான்காவது வாரம், பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்த ஒருவர் ஒரு வரி எழுதினார்: "எனக்குத் தெரிந்தவர் டீமில் ஆள் எடுக்கிறார்கள், பேசிப் பார்க்கிறீர்களா?" அவரோடு நான் மொத்தம் பத்து முறை பேசியிருந்தால் அதிகம். அந்த ஒரு வரியால் இரண்டு நேர்காணல்கள் வந்தன.

அதில் ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஆனால் ஆறே மாதத்தில் விட்டுவிட்டேன். சம்பளத்தில் குறையில்லை, வேலையும் பிடித்துத்தான் இருந்தது. அந்த டீமில் வெளியிலிருந்து வந்தவர்கள் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. நேர்காணலிலேயே அதற்கான அடையாளங்கள் தெரிந்தன. எனக்குத்தான் அப்போது அவற்றைப் படிக்கத் தெரியவில்லை.

அதனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன். புது ஊரில் வேலையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது ஒன்று. அந்த இடம் உங்களுக்கு ஒத்துவருமா என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது எப்படி என்பது இன்னொன்று. பணியிடப் பன்முகத்தன்மை என்று பேசப்படுவதெல்லாம் இந்த இரண்டாவது கேள்விக்குள் வந்துவிடும். பாலினம், மொழி, மதம், சாதி, நிறம், வயது, மாற்றுத்திறன், படித்த கல்லூரி, வந்த ஊர் என எதிலாவது நீங்கள் அங்கே சிலரில் ஒருவராக இருக்கப்போகிறீர்கள் என்றால், அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

1. கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

வேறு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா, அந்த அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறதா, நிறுவனத்தைச் சார்ந்து இருக்கிறதா என்பதுதான். நிறுவனத்தைச் சார்ந்த அனுமதி என்றால் வேலை போனதும் ஊரை விட்டுப் போகவேண்டிய கெடு ஓட ஆரம்பித்துவிடும். எத்தனை நாள் கெடு என்பதை அந்த நாட்டு அரசின் குடிவரவுத் துறைப் பக்கத்திலேயே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் சொன்னார், நண்பர் சொன்னார் என்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இதில் மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் ஒரு விதம், பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு விதம், ரெஸ்யூமேயில் சுருக்கமாக ஒரு விதம் என்று இருந்தால், ஆஃபர் கொடுத்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் கோப்பு அப்படியே நின்றுவிடும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே பெயர் உள்ளவர்கள், விண்ணப்பப் படிவம் கட்டாயமாக இரண்டு பெயர் கேட்கும்போது என்ன போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பழைய நிறுவனங்களின் அனுபவக் கடிதம், ரிலீவிங் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஐடி வேலைக்கு முதல் போன்கால் முதல் ஆஃபர் வரை ஒரே நிறுவனத்திலேயே நான்கைந்து சுற்றுகள் நடக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒரு வாரம் போகும். ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் நிதானமாகத் தேடலாம். மூன்று மாதத்துக்குத்தான் இருக்கிறது என்றால், ஊர் மாறுவதற்கு முன்பே விண்ணப்பிக்க ஆரம்பித்துவிடுங்கள். முதல் சில சுற்றுகள் பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கும். ரெஸ்யூமேயின் மேலே பழைய முகவரி மட்டும் இருந்தால் சிலர் தள்ளி வைத்துவிடுவார்கள். "இந்த மாதத்திலிருந்து இந்த நகரத்தில் இருப்பேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வேலை கிடைக்கும் வரை வீட்டுக்கு நீண்ட கால ஒப்பந்தம் போடாதீர்கள். அலுவலகம் நகரத்தின் எந்தக் கோடியில் அமையும் என்று இப்போது சொல்ல முடியாது.

2. நகரத்தைப் படிப்பது

ஒரு விரிதாள் திறந்து, அந்த நகரத்தில் கணினி ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்களை முப்பது நாற்பது எழுதுங்கள். இதில் நிறையப் பேர் சாஃப்ட்வேர் நிறுவனங்களின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வங்கி, காப்பீடு, மருத்துவமனை, துறைமுகம், விமான நிறுவனம், பல்கலைக்கழகம், மின்வாரியம், நகராட்சி, சரக்குப் போக்குவரத்து என்று எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அங்கெல்லாம் போட்டியும் கொஞ்சம் குறைவு. வயது கூடியவர்களும் இடையில் சில வருடம் வேலையை விட்டிருந்தவர்களும் இப்படிப்பட்ட இடங்களில் உள்ளே நுழைந்து பார்த்திருக்கிறேன்.

வேலையின் பெயரிலும் அப்படித்தான். டெவலப்பர் வேலை மட்டுமே வேலை இல்லை. டெஸ்டிங், டேட்டா, நெட்வொர்க், பாதுகாப்பு, கிளவுட் பராமரிப்பு, டெக்னிக்கல் ரைட்டிங், வாடிக்கையாளருக்கான தொழில்நுட்ப உதவி என்று பலவும் இருக்கின்றன. ஒரே வேலைக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைக்கும். பதவிப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. உங்களுக்குத் தெரிந்த கருவியின் பெயரைப் போட்டும் தேடுங்கள்: ஜாவா, பைத்தான், எஸ்க்யூஎல், லினக்ஸ், செலினியம் என்று.

விரிதாளில் நிறுவனம், அங்கே எனக்குத் தெரிந்தவர், பேசிய தேதி, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று நான்கு கட்டங்கள் இருந்தால் போதும். "தெரிந்தவர்" கட்டம் முதலில் காலியாகத்தான் இருக்கும். அடுத்த வேலை அதை நிரப்புவது.

3. கொஞ்சம் தெரிந்தவர்களைத் தேடிப் போவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனை ஒட்டிய ஒரு புறநகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், "செய்தி சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் கிடைத்தவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். காரணம் எளிமையானது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம் உள்ளவர் வேறு வட்டத்தில் இருக்கிறார், அங்கே உலவும் செய்தி வேறு.

அவர் கேட்டது சில டஜன் பேரைத்தான் என்றாலும், 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. அது ஒரு நுணுக்கத்தையும் சேர்த்தது. முன்பின் தெரியாதவரும் அல்ல, நெருங்கியவரும் அல்ல, நடுவில் ஓரளவு தெரிந்தவர்தான் அதிகம் பயன்படுகிறார். கணினியைச் சார்ந்த துறைகளில் இது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இதுதான். படித்த கல்லூரியின் மூத்தவர்கள், இளையவர்கள், பழைய அலுவலகத்தில் வேறு டீமில் இருந்தவர்கள், ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் உங்களோடு உட்கார்ந்தவர்கள், இவர்களில் யார் அந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இன்னில் தேடுங்கள். இருபது பேர் கிடைத்தால் நல்லது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பினால் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

என்ன எழுதுவது என்று தயங்குகிறவர்களுக்காக ஒரு மாதிரி:

"வணக்கம். நாம் இரண்டு பேரும் ஒரே கல்லூரி, நான் உங்களுக்கு மூன்று வருடம் இளையவர். அடுத்த மாதம் உங்கள் நகரத்துக்கு வருகிறேன். ஐந்து வருடமாக டெஸ்டிங் ஆட்டோமேஷனில் இருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் டெஸ்டிங் டீம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. பதினைந்து நிமிடம் போனில் பேச நேரம் கிடைக்குமா? வசதிப்படும் நாளைச் சொல்லுங்கள்."

இதில் வேலை கொடுங்கள் என்று எங்கும் கேட்கவில்லை, ரெஸ்யூமேயை இணைக்கவும் இல்லை. பேச்சு நன்றாகப் போனால், முடிவில் "வேறு யாரிடம் பேசினால் எனக்குப் பயன்படும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் இரண்டு பேரைக் காட்டுவார். விரிதாளின் காலிக் கட்டங்கள் இப்படித்தான் நிரம்பும். இருபது பேருக்கு எழுதினால் பதினைந்து பேர் பதில் போடாமலும் இருக்கலாம். அவரவர் வேலை அவரவருக்கு. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, இப்படித் தேட ஒரு வட்டமே இல்லாதவர்கள்? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள், பெயர் தெரியாத கல்லூரியில் படித்தவர்கள், வேறு துறையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே வேலை செய்பவரின் சிபாரிசில் ஆள் எடுக்கும் ரெஃபரல் என்ற வழக்கம் இவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது. உள்ளே இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே அறிவார்கள், அவர்களையே சிபாரிசு செய்வார்கள், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் டீம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இதைச் சரிக்கட்டத்தான் சில அமைப்புகள் தோன்றின. கணினி விஞ்ஞானி அனிதா போர்க் 1987-ல் பெண் கணினியாளர்களுக்காகத் தொடங்கிய சிஸ்டர்ஸ் என்ற மின்னஞ்சல் குழு முன்னோடிகளில் ஒன்று. பைத்தான் எழுதும் பெண்களுக்கான பைலேடீஸ் 2011-ல் தொடங்கியது. நிரல் எழுதியே பழக்கமில்லாத பெண்களுக்கு இலவசப் பட்டறை நடத்தும் ஜாங்கோ கேர்ள்ஸ் 2014-ல் தொடங்கியது. இரண்டுமே பல நாட்டு நகரங்களுக்குப் பரவியிருக்கின்றன. திறந்த மூல மென்பொருளில், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில், வாய்ப்புக் குறைந்தவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி தரும் அவுட்ரீச்சி திட்டத்தை வீட்டிலிருந்தே செய்யலாம். இவை எதுவும் உங்கள் ஊரில் இல்லையென்றாலும், ஏதாவது ஒரு நிரல் மொழிக்கோ கிளவுட் கருவிக்கோ மாதாந்தரக் கூட்டம் அநேகமாக இருக்கும்.

கூட்டத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கும். பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். நாற்காலி போடுகிறவர்கள், புரொஜெக்டரைச் சரிசெய்கிறவர்கள்தான் அப்போது இருப்பார்கள், உதவி செய்யலாமா என்று கேட்டால் பேச்சு தானாக ஆரம்பித்துவிடும். கூட்டம் நிறைந்த பிறகு உள்ளே போனால் எல்லோரும் ஏற்கெனவே வட்டம் கட்டி நின்றுகொண்டிருப்பார்கள். ஒரே கூட்டத்துக்கு மூன்று மாதம் தொடர்ந்து போங்கள். முகம் பழகுவதற்கு அவ்வளவு காலம் ஆகும்.

4. ரெஸ்யூமே

பத்து வருடத்துக்குள் அனுபவம் என்றால் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பல நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் ஒரு மென்பொருள் அதைப் படித்துப் பிரித்து வைக்கும். அதனால் கட்டங்கள், இரட்டைப் பத்திகள், படங்கள் இல்லாமல் நேராக எழுதுங்கள். விளம்பரத்தில் உள்ள கருவிப் பெயர்களில் உங்களுக்கு உண்மையாகத் தெரிந்தவற்றை அதே பெயரில் எழுதுங்கள். "டெஸ்டிங் செய்தேன்" என்பதை விட, "வெளியீட்டுக்கு முன் இரண்டு நாள் எடுத்த சோதனையை நான்கு மணி நேரமாகக் குறைத்தேன்" என்பது பேசும். புகைப்படம், வயது, மதம், திருமண நிலை ஆகியவற்றைப் படிவம் கட்டாயமாகக் கேட்டால் தவிர எழுதாதீர்கள். இடைவெளி இருந்தால் மறைக்காமல் ஒரு வரி: "2021 முதல் 2023 வரை குடும்பப் பராமரிப்பு, அந்தக் காலத்தில் இன்னது படித்தேன்."

பதில் வராமல் இருப்பதை நிறையப் பேர் தங்கள் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு உடைந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஐயாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். தகுதிகளில் வித்தியாசம் வைக்காமல், மேலே இருக்கும் பெயரை மட்டும் மாற்றினார்கள். 2004-ல் முடிவு வெளியானது. வெள்ளையர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்குப் பத்து ரெஸ்யூமேக்கு ஒரு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்குப் பதினைந்துக்கு ஒன்று. இயந்திரத்தை வைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமேசான் சோதித்துக்கொண்டிருந்த ஒரு ரெஸ்யூமே வடிகட்டும் கருவி, பத்து வருடப் பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பெண்கள் என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பைக் குறைத்தது. அதை நிறுவனம் கைவிட்டுவிட்டது என்று 2018-ல் செய்தி வந்தது.

இதற்காகப் பெயரைச் சுருக்கிக்கொள்ள வேண்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெயரைச் சுருக்கி உள்ளே போனால் வருடக்கணக்கில் அந்தச் சுருக்கத்தோடுதான் வாழ வேண்டும். லிங்க்ட்இன்னில் உங்கள் பெயரை உங்கள் குரலிலேயே உச்சரித்துப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதைவிட முக்கியம், மூன்றாவது படியில் சொன்ன வழியில் போய், ரெஸ்யூமே குவியலுக்குள் விழுவதற்கு முன்பே ஒரு மனிதரின் கையில் சேரும்படி பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு குரல் தெரிந்துவிட்டால் அந்தப் பாகுபாடு கொஞ்சமாவது மட்டுப்படும்.

விளம்பரத்தைப் படிக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், போட்டி, ஆதிக்கம் போன்ற ஆண்தன்மைச் சொற்கள் நிறைந்த விளம்பரங்கள் பெண்களை ஈர்க்கவில்லை என்று தெரிந்தது. தகுதி இல்லை என்று அவர்கள் நினைக்கவில்லை, அந்த இடத்தில் நமக்கு இடமில்லை என்று நினைத்திருக்கிறார்கள். நீங்களும் ஒரு விளம்பரத்தை அப்படி ஒதுக்கினால், காரணம் திறமையா, அந்த உணர்வா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒதுக்குங்கள். கேட்டிருக்கும் முக்கியத் திறன்களில் முக்கால்வாசி இருந்தால் விண்ணப்பித்துவிடலாம். மீதி பெரும்பாலும் இருந்தால் நல்லது என்ற கணக்கில் எழுதியதாகத்தான் இருக்கும்.

5. நேர்காணல்: அவர்கள் உங்களைப் பார்க்கும்போது நீங்கள் அவர்களைப் பார்ப்பது

கோடிங் டெஸ்ட், சிஸ்டம் டிசைன் இவற்றுக்கு எப்படித் தயாராவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: வாயால் சொல்லிக்கொண்டே நிரல் எழுதிப் பழகுங்கள். வேற்று மொழியில் யோசித்துப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

செவித்திறன், பார்வை, கைகால் அசைவு, கவனம் எதில் சிரமம் இருந்தாலும் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்: கூடுதல் நேரம், எழுத்து வடிவில் கேள்விகள், திரைவாசிப்பான் ஓடும் தளம், படிக்கட்டு இல்லாத கட்டடம் என எது தேவையோ அதை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது. பணியிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று அதன் 27-வது பிரிவு சொல்கிறது. கேட்டதற்கு ஹெச்ஆர் என்ன பதில் சொல்கிறார் என்பதே அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல்.

இப்போது அந்த அடையாளங்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பல நிற முகங்கள் சிரிக்கும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எண்ணிக்கை வெளியிடுகிறார்களா என்று பாருங்கள், வெளியிட்டால் எந்த எண்ணிக்கை என்று பாருங்கள். 2014-ல் கூகுள் முதன்முதலாகத் தன் ஊழியர் விவரத்தை வெளியிட்டபோது, மொத்த ஊழியர்களில் பெண்கள் 30 சதவீதம், தொழில்நுட்ப வேலைகளில் 17 சதவீதம் என்று இருந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கும் தொழில்நுட்பக் கணக்கைப் பார்த்தவருக்கும் வேறு வேறு நிறுவனம் தெரிந்திருக்கும். நீங்கள் சேரப்போகும் பிரிவில் எத்தனை பேர், மேலதிகாரிகளில் எத்தனை பேர் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

நேர்காணல் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். கேள்விகளை முன்பே எழுதி வைத்து வரிசையாகக் கேட்கிறார்கள், பதில்களைக் குறித்துக்கொள்கிறார்கள் என்றால் நல்லது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீட்டு முறை என்று நடக்கும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசுவதைவிடச் சரியாக ஆளைக் கணிக்கிறது என்பது பல ஆண்டு ஆய்வுகளில் உறுதியானது. குழுவில் இருக்கும் இளையவரோ பெண்ணோ கேள்வி கேட்க ஆரம்பிக்கும்போது மற்றவர் குறுக்கே புகுகிறாரா? நான் ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வந்த இடத்தில் இது நடந்தது. நான்கு பேர் இருந்தார்கள், ஒரு பெண் பொறியாளர் இரண்டு முறை வாயெடுத்தார், இரண்டு முறையும் அவருடைய மேனேஜர் வாக்கியத்தை முடித்துவைத்தார். சேர்ந்த பிறகு என் வாக்கியங்களையும் அவர் முடித்துவைத்தார்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள் அல்லவா, அந்த ஐந்து நிமிடம் பொன்னான நேரம். "உங்கள் நிறுவனத்தில் பன்முகத்தன்மை இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் இந்த டீமில் பதவி உயர்வு பெற்றவர்கள் யார், அதை யார் எப்படி முடிவு செய்தார்கள்? கடைசியாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதம் எப்படிப் போனது? இரவு நேரப் பழுதுக்கு அழைக்கும் முறை யார் யாருக்கு, எந்த வரிசையில்? குழந்தை பிறந்து விடுப்பில் போனவர் திரும்பி வந்தபோது அவருடைய பழைய பொறுப்பு அவருக்கே கிடைத்ததா? மீட்டிங் எந்த மொழியில் நடக்கும், அந்த மொழி தெரியாதவர் இருந்தால்? எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், உங்களுக்கு முக்கியமான இரண்டைக் கேளுங்கள். ஒரே கேள்வியை மேனேஜரிடமும் டீமில் இருப்பவரிடமும் தனித்தனியாகக் கேட்டால் பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று தெரியும். பெயர் சொல்லாவிட்டாலும் சம்பவம் சொல்கிறவர் நம்பத்தகுந்தவர். பொதுவாகப் பேசி நழுவுகிறவரிடம் சொல்ல எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் அந்த டீமை விட்டுப் போன ஒருவரிடமும் பேசுங்கள். லிங்க்ட்இன்னில் முன்னாள் ஊழியர்களைத் தேடுவது சிரமமில்லை. ஏன் போனீர்கள் என்று கேட்காதீர்கள். "மறுபடி அங்கே சேர்வீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதும் ஒரு பதில்தான்.

அப்புறம், கேட்கக்கூடாத கேள்விகள். கல்யாணம் எப்போது, குழந்தை திட்டம் என்ன, எந்த மதம், சுற்றி வளைத்து எந்தச் சாதி. 1958-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய 111-வது உடன்படிக்கை, இனம், நிறம், பாலினம், மதம், அரசியல் கருத்து, தேசிய வழி, சமூகப் பின்னணி ஆகியவற்றின் பெயரால் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லியே தடுத்த சட்டத்தை 2023-ல் சியாட்டில் நகரம் கொண்டுவந்தது, அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். ஆனாலும் கேட்பவர்கள் கேட்கிறார்கள். வேலை தேவைப்படும் நேரத்தில் சண்டை போடுவதும் முடியாது, அது உங்கள் கடமையும் இல்லை. "இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குவதில் எனக்குச் சிரமம் இருக்காது. வேலையைப் பற்றி இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். அறையை விட்டு வந்ததும் யார், என்ன கேட்டார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். எழுதாமல் விட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும்.

6. ஆஃபர் வந்ததும்

வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதே 1997-ன் 181-வது சர்வதேச உடன்படிக்கை வைத்திருக்கும் பொது விதி. அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

கடிதத்தில் சம்பளத்தில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு ஆண்டு முடிவில் வந்தால் வரும் என்று பிரித்துப் பாருங்கள். தகுதிகாண் காலம், நோட்டீஸ் பீரியட், இத்தனை வருடத்துக்குள் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் இருக்கிறதா, வேலை இடம் எது, வீட்டிலிருந்து வேலை செய்ய வாய்மொழியாகச் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள்.

சம்பளம் பேசும்போது புதியவர்கள் குறைத்துக் கேட்பது வழக்கம், அதிலும் பெண்களும் வெளியூர்க்காரர்களும். அந்த நகரத்தில் அந்தப் பதவிக்கு என்ன வீச்சு என்பதை, மூன்றாவது படியில் பேசிய ஆட்களிடமே கேட்டுவிடலாம். "உங்கள் சம்பளம் என்ன?" என்று கேட்க வேண்டாம், "இந்த அனுபவத்துக்கு எவ்வளவு கேட்டால் நியாயமாக இருக்கும்?" என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். பழைய சம்பளத்தை வைத்துப் புதியதை முடிவு செய்வது, ஒருமுறை குறைவாக வாங்கியவரை ஆயுள் முழுக்கக் குறைவாகவே வைத்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய உத்தரவு, பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுத்து, புதிய வேலையின் சம்பள வீச்சை முன்பே சொல்லச் சொல்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், "இந்தப் பதவிக்கு நீங்கள் வைத்திருக்கும் வீச்சு என்ன?" என்று முதலில் கேட்க உங்களுக்குத் தடையில்லை.

7. முதல் மூன்று மாதம்

சேர்ந்த முதல் வாரத்தில் மேனேஜரிடம் ஒரு கேள்வி: "மூன்று மாதம் கழித்து, நான் நன்றாக வேலை செய்கிறேன் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" பதிலை அவருக்கே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் நீங்கள் முடித்தது என்ன, யாருக்கு என்ன உதவி செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள். ரிவ்யூ வரும்போது எல்லோருக்கும் பழக்கமானவரின் வேலை தானாக நினைவுக்கு வரும். புதியவரின் வேலையை அவர்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

மீட்டிங்கில் நீங்கள் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால், அன்றே மீட்டிங் குறிப்பை நீங்களே எழுதி அனுப்பப் பாருங்கள். யார் என்ன சொன்னார் என்பது அதில் பதிவாகிவிடும். உள்ளே ஊழியர் குழு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1970-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்கள் தொடங்கியதில் இருந்து இப்படிப்பட்ட குழுக்கள் பல நிறுவனங்களுக்குப் பரவின. வேறு டீமில், வேறு மாடியில், உங்களைப் போலவே புதிதாக வந்து நிலைத்தவர் ஒருவராவது அங்கே இருப்பார். எந்தக் காரியத்துக்கு யாரிடம் போகவேண்டும் என்ற எழுதப்படாத விஷயங்களை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் சம்பளம் வந்த வாரத்தில் அந்தப் பழைய விரிதாளைத் திறந்து, "தெரிந்தவர்" கட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வேலை கிடைத்த செய்தியை இரண்டு வரியில் எழுதுங்கள். பதினைந்து நிமிடம் மட்டும் பேசியவருக்கும், பதிலே போடாதவருக்கும்கூட. நான் அப்படி எழுதியபோது, முன்பு பதில் போடாத ஒருவர் மறுநாளே எழுதினார். அவர் டீமுக்கு டெஸ்டிங் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. அவருக்கு நான் யாரைச் சொல்லலாம் என்று பார்க்க அந்த மாதாந்தரக் கூட்டத்தில் பழகிய முகங்களைத்தான் முதலில் நினைத்தேன். அவர்களில் ஒருவருக்கு அங்கே வேலை கிடைத்தது.